கோமுவுக்கு விடுமுறை இல்லாத வருஷம்

அக்டோபர் 10, திங்கள்

ஏழு வார விடுப்பு முடிந்து கோமு இன்று வேலைக்குப் போனாள். இங்கே இன்று கொலம்பஸ் நாள். தபால் நிலையமும் வங்கியும் பூட்டியிருந்தன. மருத்துவமனைக்கு ஏது விடுமுறை?

அந்த மருத்துவமனையில் ஆறுதல் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் ஓர் அம்மாள் இருக்கிறார். செப்டம்பரில் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். மனதில் வருவதை எழுதினால் நல்லது என்றார். மனதில் வருவதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் நோட்டு நல்ல நோட்டு, வீணாக்கவும் மனம் வரவில்லை. அதனால் இந்த ஊர்க்காரர்கள் என்னென்ன பண்டிகை கொண்டாடுகிறார்கள், எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று எழுதப் போகிறேன். தென்காசிக்குத் திரும்பினால் யாராவது கேட்பார்கள்.

குற்றாலிங்கமாகிய நான் அங்கே பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். பிள்ளைகளுக்குப் ‘பி.டி. சார்’. இங்கே, அயோவா மாநிலத்துச் சோளக்காடுகளுக்கு நடுவே, டாக்டர் கோமதியின் கணவன். அவள் மேற்பயிற்சிக்கு வந்து இது இரண்டாவது வருஷம். என் விசாவில் வேலை பார்க்க முடியாது. சமைக்கிறேன், துவைக்கிறேன், உதிர்ந்த இலைகளை வாரிப் பையில் கட்டுகிறேன். வாடகை வீடு. மாடியில் இரண்டு அறை. ஒன்றில் தூங்குகிறோம்.

அக்டோபர் 31, திங்கள்

இன்று ஹாலோவீன். பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாக வந்து மிட்டாய் கேட்பார்கள். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம் என்று அர்த்தம். அணைத்துவிட்டால் வரக்கூடாது. இவ்வளவு சுலபமான ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மூன்று பை மிட்டாய் வாங்கி வைத்திருந்தேன். கோமுவுக்கு டூட்டி. ஐந்தரை மணிக்கு வெளிச்சம் மங்கத் தொடங்கியது. தெரு முழுக்க மஞ்சள் இலை. அதன் மேல் ஒரு சிங்கம் நடந்து வந்தது, பின்னால் இரண்டு தேவதைகள், ஒரு வெள்ளைத்துணிப் பேய், ஒரு வாழைப்பழம். யாரும் சத்தம் போடவில்லை. இலை நொறுங்குகிற ஓசை மட்டும் கேட்டது. நான் விழித்திருக்கும்போதே யாருடைய கனவோ வழிதவறி நம் வாசலுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆறு மணிக்கு ஒரு இளம் தகப்பன் வந்தான். தோளில் ஒரு கைக்குழந்தை. அதற்குப் பூசணிக்காய்ச் சட்டை, தலையில் பச்சைக் காம்பு. “இவளுக்கு இதுதான் முதல் ஹாலோவீன்” என்றான். நான் அவனிடம் ஒரு பையை அப்படியே கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு மிட்டாய் தீர்ந்துபோனதால் விளக்கை அணைத்துவிட்டேன்.

நவம்பர் 1, செவ்வாய்

அலமாரியில் இன்னும் இரண்டு பை மிட்டாய் இருப்பதைக் கோமு பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 24, வியாழன்

நன்றி சொல்வதற்கென்று ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். இதற்குச் சாமியும் தேரும் கிடையாது. சமைத்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு டெபி பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பது வயது இருக்கும். பேச ஆரம்பித்தால் பிரேக் கிடையாது. அவள் இங்கிலீஷில்தான் பேசுகிறாள். ஆனால் என் காதில் நம் ஊர்ப் பேச்சாகவே விழுகிறது, அப்படியே எழுதுகிறேன். திங்கட்கிழமையே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: “டாக்டரம்மாவுக்கு வியாழக்கிழமையும் டூட்டியா? அப்ப நீங்க மட்டும் தனியா உக்காந்து என்ன செய்யப் போறீங்க? எங்க வீட்டுக்கு வந்திருங்க.”

நான் தக்காளி சாதம் செய்து எடுத்துப் போனேன். அவள் கணவர், இரண்டு நாத்தனார்கள், ஒரு பெரிய வான்கோழி. சாப்பிடுவதற்கு முன் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டுமாம். ஒருத்தி அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்ததற்கு என்றாள். டெபியின் கணவர், மனைவி இன்னும் தன்னைத் துரத்திவிடாததற்கு என்றார். என் முறை வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“வீட்டில் ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது, அதற்கு” என்றேன்.

சிரித்தார்கள். டெபி மட்டும் சிரிக்கவில்லை. என் தட்டில் இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கை வைத்தாள்.

டிசம்பர் 24, சனி

மூன்று நாளாகப் பனி. தெருவுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பகலே வெந்நீர் ஆவிக்குள் இருப்பது போல் இருக்கிறது. கடைக்குப் போகும்போது என் காலடிச் சத்தமே எனக்குக் கேட்கவில்லை.

கடையில் பால் எடுக்கும் இடத்தில் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கோமுவோடு வேலை பார்க்கும் டாக்டர் கெல்லியின் கணவராம். அவர் தள்ளிவந்த வண்டியில் இரட்டைப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தன.

“உங்க மனைவிக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நன்றி நாளன்னைக்கும் கெல்லியோட டூட்டிய அவங்களே கேட்டு வாங்கிக்கிட்டாங்க. நாளைக்கும் அவங்கதான். புது வருஷத்துக்கும் வேற ஒருத்தரோடது. ‘உங்க பிள்ளைங்களோட இருங்க, நான் பாத்துக்கறேன்’னு சொல்லிட்டாங்களாம்.”

நான் “அதனாலென்ன” என்றேன்.

இதுவரை, புதிதாக வந்தவர்கள் தலையில் விடுமுறை நாள் டூட்டியைக் கட்டிவிடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அவளும் அப்படித்தான் சொன்னாள். அல்லது அப்படிச் சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேனா? யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பால் வாங்காமல் வந்தது தெரிந்தது.

டிசம்பர் 25, ஞாயிறு

கிறிஸ்துமஸ். கோமுவுக்கு டூட்டி. ரசம் வைத்தேன்.

ஜனவரி 15, ஞாயிறு

பொங்கல். பால் பொங்கியபோது போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் வார்டில் இருந்தாள். நாளைக்கு இங்கே ஒரு தலைவரின் பிறந்தநாள் கொண்டாட்டம், அரசு விடுமுறை. அதற்கும் டூட்டியாம்.

பிப்ரவரி 2, வியாழன்

இந்தத் தேசத்தில் ஒரு பிராணியிடம் வானிலை கேட்கிறார்கள். பெருச்சாளிக்கும் கீரிக்கும் நடுவாக இருக்கிறது. கோட்டும் உயரத் தொப்பியும் போட்ட பெரிய மனிதர்கள் அதைப் பொந்திலிருந்து தூக்கிக் காட்டுகிறார்கள். அது தன் நிழலைப் பார்த்துவிட்டால் குளிர்காலம் இன்னும் ஆறு வாரம். இன்று பார்த்துவிட்டது.

கோமு காலைக் காப்பியோடு என் பக்கத்தில் உட்கார்ந்து டிவியில் இதைப் பார்த்தாள். “கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு என்ன பண்ணுதாங்க பாருங்க” என்று சிரித்தாள். அவள் சிரிப்புச் சத்தம் வீட்டுக்குள் போய் ஒவ்வொரு மூலையிலும் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. நானும் சிரித்தேன். இரண்டு நிமிஷம் இருக்கும். பிறகு அவள் எழுந்து குளிக்கப் போனாள்.

பிப்ரவரி 14, செவ்வாய்

காதலர் தினம். மனைவிக்கு அட்டை வாங்கிக் கொடுப்பது இங்கே கட்டாயம் மாதிரி. நானும் ஒன்று வாங்கினேன். ரோஜா படம். கோமு ஏழரைக்கு வந்தாள். அட்டையைப் பிரித்துப் பார்த்து, “நல்லாருக்கு” என்று மேஜையில் வைத்தாள். “திங்கக்கிழமை ஜனாதிபதிகள் தினமாம். அன்னைக்கு டூட்டி” என்றாள்.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததென்று தெரியவில்லை.

“போட்டாங்களா, நீயா கேட்டு வாங்குனியா?”

அவள் அட்டையிலிருந்து கையை எடுத்தாள்.

“எல்லாம் எனக்குத் தெரியும் கோமு. கெல்லி வீட்டுக்காரர் டிசம்பர்லயே சொல்லிட்டாரு. ஒரு நல்ல நாள்ல என்கூட உக்காந்து ஒரு வாய் சாப்பிட உனக்குப் பிடிக்கலையா?”

“டிசம்பர்லயே தெரியுமா? தெரிஞ்சும் ரெண்டு மாசமா கேக்கலையா நீங்க?”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன்.”

“நான் என்னத்தச் சொல்ல? வீட்டுக்கு வந்தா சாம்பார் வச்சிருக்கீங்க, கூட்டு வச்சிருக்கீங்க, நாளைக்குப் பனி எத்தன இஞ்சுன்னு சொல்லுதீங்க. அந்த ரூம்பு கதவ அடச்சது நீங்க. இந்த ஆறு மாசத்துல ஒரு தடவ அவளப் பத்தி வாயத் தொறந்தீங்களா? வார்டுல தெரியாத பொம்பள ஒருத்தி அழுதா, அவ கையப் புடிச்சுக்கிட்டு நானும் கூட அழுதுட்டு வாரேன். இங்கன வந்து நான் எங்க போய் அழ?”

சாதம் ஆறிக்கொண்டிருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதியாயிற்று. இனி மறைத்துப் பயனில்லை. எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். கர்ப்பத்தின் எட்டாம் மாதம், போன ஆகஸ்டில். பிறக்கும்போதே உயிர் இல்லை. இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் கிழக்குச் சரிவில் சிறு குழந்தைகளுக்கென்று ஒரு வரிசை இருக்கிறது. அங்கே வைத்தோம். அதற்கப்புறம் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பிப்ரவரி 15, புதன்

பனி நான்கு இஞ்ச். கோமுவிடம் சொல்லவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

இங்கே வருஷத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுகிறார்கள். நவம்பரில் ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். இன்று அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஏணி போட்டு ஏறி, கூடத்துக் கடிகாரத்தின் முள்ளை விரலால் தள்ளி வைத்தேன். எட்டு மணி ஒன்பது மணி ஆகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு மணி நேரம் எங்கே போயிருக்கும் என்று ஏணியிலேயே நின்று யோசித்தேன். எங்காவது ஒரு பெரிய கிடங்கில் எல்லார் வீட்டு மணி நேரங்களையும் அடுக்கி வைத்திருப்பார்கள் போல. போய்க் கேட்டால் கொடுப்பார்களா?

ஆகஸ்ட் இருபது, சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி. அது ஒன்று போதும் எனக்கு.

மே 14, ஞாயிறு

அன்னையர் தினம். காலையிலேயே கோமு கிளம்பிவிட்டாள்.

பதினோரு மணிக்கு டெபி கதவைத் தட்டினாள். சர்ச்சில் ஒவ்வொரு தாய்க்கும் ஒரு கார்னேஷன் பூ கொடுத்தார்களாம். அவள் கையில் இரண்டு இருந்தன.

“ஒண்ணு எனக்கு. இது உங்க வீட்டம்மாவுக்கு.”

எனக்கு விளங்கவில்லை. “கோமுவுக்கா?” என்றேன்.

“அவங்களும் அம்மாதானே? கேட்டு வாங்கிட்டு வந்தேன்.”

ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பூவை வைத்தேன். சாயங்காலம் கோமு வந்து, “யார் குடுத்தா?” என்றாள். சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக வந்த வெயில் மேஜையைத் தாண்டிச் சுவரில் ஏறி மறையும்வரை நானும் சமையலறையில் நின்றேன். போய் அவள் தோளில் கை வைக்கலாமா என்று நினைத்தேன். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

மே 29, திங்கள்

இறந்தவர்களை நினைக்கும் நாள் இன்று. போரில் செத்த சிப்பாய்களுக்கென்று ஏற்பட்டதாம். ஆனால் இந்த ஊரில் எல்லோரும் தங்கள் தங்கள் மனிதர்களுக்குப் பூ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

எட்டு மணிக்குக் கோமு வேலைக்குப் போனாள். ஒன்பது மணிக்கு டெபி வேலியருகே வந்து நின்றாள். பட்டாளத்தில் இறந்துபோன அவள் தம்பிக்குப் பூத்தொட்டிகள் கொண்டுபோக வேண்டும், கணவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, வண்டியில் கூட வர முடியுமா என்று கேட்டாள். எந்த இடம் என்று எனக்குத் தெரியும். வேலை இருக்கிறது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அவள் இரண்டு கையிலும் தொட்டி. தோட்டத்துக் குழாயில் நிரப்பி வேலியோரம் வைத்திருந்த தண்ணீர்க் குடுவையை நான் எடுத்துக்கொண்டேன்.

கல்லறைத் தோட்டம் முழுக்கச் சின்னச் சின்னக் கொடிகள். புல் முழங்காலுக்குக் கீழே அலை அலையாகச் சாய்ந்தது. ஆட்கள் மெதுவாக நடந்தார்கள், குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள். தண்ணீருக்கு அடியில் நடப்பவர்கள் மாதிரி இருந்தார்கள். கிழவர்கள் ஏழு பேர் துப்பாக்கியால் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். ஒருவர் ஊதுகொம்பு ஊதினார். பழக்க தோஷம், நான் குதிகால் சேர்த்து விறைப்பாக நின்றுவிட்டேன்.

டெபி தம்பியின் கல்லைத் துடைத்து முடித்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: “உங்க வீட்டம்மா கிழக்க இருக்காங்க. நான் வர்றப்பல்லாம் பாக்கறேன். போங்க, நான் காத்திருக்கேன்.”

சரிவில் இறங்கினேன். கோமு நீல ஆஸ்பத்திரி உடுப்போடு புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

“டூட்டி இல்லையா?”

“பன்னெண்டு மணிக்குத்தான்.”

“எட்டு மணிக்கே கிளம்புனியே?”

“எல்லா லீவு நாளும் அப்படித்தான். இங்கன வந்து இருந்துட்டுப் போவேன்.”

“பனியிலயுமா?”

“பனியில கல்லு தெரியாது. அந்த மரத்துலருந்து பதினாலு எட்டு. எண்ணி வச்சிருக்கேன்.”

நான் உட்கார்ந்தேன். கல் என் உள்ளங்கை இரண்டு சேர்ந்த அகலம்தான். ‘கோமதியின் குழந்தை’ என்று இங்கிலீஷில் இருந்தது. தேதி ஒன்றே ஒன்று.

சொல்லிவிட்டேன். ஒன்பது மாதமாகத் தொண்டையில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

“அந்தச் சனிக்கிழமை விவசாயக் கண்காட்சில நீ சொன்னே கோமு. ஆறு மணிக்கு. ‘இன்னைக்கு அசையவே இல்லையே’ன்னு சொன்னே. நான்தான், ‘அவ தூங்குதா, ட்ராக்டர் போட்டிய பாத்துட்டுப் போவோம்’னேன். அப்பவே போயிருந்தா...”

“அதையா வச்சுக்கிட்டு இருக்கீங்க?”

நான் தலையாட்டினேன்.

“ரிப்போர்ட்டு நீங்க வாசிக்கவே இல்லைல்லா?” அவள் குரல் அடங்கி வந்தது. “தொப்புள்கொடி சுத்தி முடிச்சு விழுந்திருக்கு. வெள்ளிக்கிழமையே எல்லாம் முடிஞ்சு போச்சின்னு போட்டிருக்கு. நீங்க ட்ராக்டர் பாக்கும்போது அவ இல்ல. வெள்ளிக்கிழமை நான் வார்டுல இருந்தேன். முப்பது பேரு நெஞ்சுல குழாய வச்சுக் கேட்டேன். என் வயித்துல ஒரு தடவ வச்சுக் கேக்கல. நான் டாக்டருங்க. நானே கேக்கல.”

அதுவரை அவள் அழுது நான் பார்க்காத அழுகை அது. சத்தமில்லை. தோள் மட்டும் குலுங்கியது. நான் அவள் கையைப் பிடித்தேன்.

“யாருக்குத் தெரியும் கோமு? நமக்கு எப்படித் தெரியும்?” என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: “மத்தவங்க பிள்ளைங்களாவது அம்மா கூட இருக்கட்டும்னு நெனச்சேன். அதான் டூட்டி கேட்டேன். உங்களப் பிடிக்காம இல்ல.”

“தெரியும்.”

“பேரு போடணும்னு ஆஸ்பத்திரி பாரத்துல கேட்டாங்க. நீங்க வேண்டாம்னுட்டீங்க. நான் மனசுக்குள்ள ஒண்ணு வச்சுக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்.”

“என்ன பேரு?”

“உலகம்மை.”

எங்கள் ஊர்க் கோவிலில் இருப்பவளின் பெயர். கல்யாணத்துக்கு மறுநாள் இரண்டு பேரும் அவள் சந்நிதியில்தான் நின்றோம். நானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். புல் சாய்ந்து எழுந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கோமுவை மருத்துவமனை வாசல்வரை நடந்து கொண்டுபோய் விட்டேன். டெபி வண்டியில் ஏறச் சொல்லவில்லை. பின்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தாள்.

ஜூன் 18, ஞாயிறு

தந்தையர் தினம். கோமு வீட்டில் இருந்தாள். காலையில் என் காப்பித் தம்ளருக்கு அடியில் ஒரு அட்டை. உள்ளே ஒன்றும் எழுதவில்லை, கையெழுத்து மட்டும் இருந்தது.

மத்தியானம் மாடியில் அந்த அறையைத் திறந்தோம். தூசியும், முன்பே வாங்கிப் பொருத்தியிருந்த தொட்டிலும்தான் இருந்தன. தொட்டிலைப் பிரிக்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தோம், அவ்வளவுதான். பொழுது சாய்ந்ததும் புல்வெளியிலிருந்து மின்மினிகள் கிளம்பின. ஜன்னல் வழியாக இரண்டு மூன்று உள்ளே வந்து கூரையோரம் சுற்றின. தரையில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவை மின்னுவதைக் கோமு எண்ண ஆரம்பித்து, ஏழோ எட்டோ வந்தபோது தூங்கிவிட்டாள்.

ஜூலை 4, செவ்வாய்

சுதந்திர தினம். கோமு டூட்டி கேட்கவில்லை. கெல்லி எடுத்துக்கொண்டாளாம்.

பத்து மணிக்கு ஊர்வலம். தெருவோரம் எல்லோரும் மடக்கு நாற்காலி போட்டு இடம் பிடித்திருந்தார்கள். நாங்களும் டெபியிடம் இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டோம். வெயில் சுள்ளென்று அடித்தது. தார் ரோட்டின் மேல் கானல் ஆடியது. அதற்குள்ளிருந்து முதலில் கொடி வந்தது, பிறகு குதிரைகள், பிறகு பள்ளிக்கூட வாத்தியக் குழு. பாதிப் பேருக்கு இடது கால், பாதிப் பேருக்கு வலது கால். பி.டி. சாருக்குப் பொறுக்கவில்லை. “ஏங்க, விசில எடுத்துறாதீங்க” என்றாள் கோமு.

எங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பெண் பக்கத்து ஊர்க்காரி. குளிர்பானப் பெட்டியைத் திறந்து எங்களுக்கும் ஆளுக்கொன்று நீட்டினாள். எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தாள். கோமு சொன்னாள். அவளுடைய பிள்ளைகள் மூன்று பேர் முன்னால் நின்று, வண்டிகளிலிருந்து எறியும் மிட்டாயைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள். கோமு கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். ட்ரம் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“ஒரு பொண்ணு” என்றேன். “போன ஆகஸ்டுல பிறந்தா. பிறக்கும்போதே உயிர் இல்ல. இந்த ஊர்லதான் இருக்கா.”

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றினாள். ஐயோ பாவம் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அதைச் சொல்லவில்லை.

“அவ பேரு என்ன?” என்றாள்.

நான் கோமுவைப் பார்த்தேன்.

“உலகம்மை” என்றாள் கோமு.

“ஊலா... காமி?”

“இல்ல. உலகம்மை.”

“ஊலகம்... மே?”

கோமு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். “கம்-மை” என்று உதட்டைச் சேர்த்துக் காட்டினாள். தீயணைப்பு வண்டி சங்கு ஊதிக்கொண்டு எங்களைக் கடந்து போனது. அது போய், சத்தம் அடங்கும்வரை இருவரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

மூன்றாம் முறை அவள் சரியாகச் சொன்னாள்.